டிபரன்ஷல் ஒயில்: விலை கூடியதா, தடித்ததா, பொருத்தமானதா?

மலையகத்தில் வியாபாரம் செய்யும் எம்மில் பலருடைய முதல் கடைக்குள் இருப்பதைவிட வீதியில்தான் அதிகமாக ஓடிக்கொண்டிருக்கின்றது. ராகலை, கந்தப்பளை பகுதிகளிலிருந்து லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்கும் லொறியும் எமது முதல்தான். திரும்பி வரும்போது அரிசி, சீனி, சீமெந்து ஏற்றிவருவதும் அதே லொறிதான். நானுஓயாவிலிருந்து நுவரெலியா ஊடாக ராகலை வரை 1904ஆம் ஆண்டில் ஒரு சிறிய ரயில் பாதை வந்து சேர்ந்தது. அது 1940களில் மூடப்பட்ட பின்னர் இப்பகுதியின் சுமை முழுவதும் சக்கர வாகனங்களின் தலையில் விழுந்தது.

அப்படிப்பட்ட வாகனத்தின் என்ஜின் ஒயில் பற்றி எல்லோரும் கவலைப்படுகின்றோம். ஆனால் பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிபரன்ஷலுக்குள் என்ன ஒயில் இருக்கின்றது என்று கேட்டால் பத்துப் பேரில் ஒருவர்கூட சரியாகப் பதில் சொல்வதில்லை. ராகலையில் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் இதை நான் நாளாந்தம் காண்கின்றேன். "ஒரு கியர் ஒயில் கேன் தாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகின்றது.

ஏப்ரல் மாதத்தில் மட்டும் இந்நிலை மாறும். நுவரெலியா வசந்த காலத்தில் கிரகறி வாவியைச் சுற்றி மோட்டார் பந்தயம் நடக்கும். 1934ஆம் ஆண்டில் தொடங்கிய மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியும் இப்பருவத்துக்குரியதுதான். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் ஸ்போர்ட்ஸ் கார்களோடு வரும் இளைஞர்கள் டிபரன்ஷல் ஒயில் பற்றி நுணுக்கமாக விசாரிப்பார்கள். அவர்களுடைய கேள்விகளைக் கேட்டு அனுப்பிவிடாமல், எமது லொறிகளோடும் பொருத்திப் பார்ப்பது இலாபமானது. ஏனென்றால் ஸ்போர்ட்ஸ் காரில் ஒரு மணித்தியாலத்தில் தெரிந்துவிடும் பிழை, லொறியில் ஒரு வருடம் ஒளிந்திருந்து வெளியே வரும். பிழை ஒன்றுதான். தெரியவரும் காலம்தான் வேறு.

டிபரன்ஷல் என்ன செய்கின்றது?

ஒரு வாகனம் முடக்கில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடிய தூரத்தையும் உட்பக்கச் சக்கரம் குறைந்த தூரத்தையும் கடக்கின்றன. இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால் ஒரு டயர் தேய்ந்து இழுபடும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுப்பதுதான் டிபரன்ஷலின் முதல் வேலை. என்ஜினிலிருந்து நீளவாக்கில் வரும் சுழற்சியைக் குறுக்காகத் திருப்பிச் சக்கரங்களுக்குக் கொடுப்பது இரண்டாவது வேலை. இந்த இரண்டாவது வேலையைச் செய்யும் சோடிதான் எமது கராஜ்களில் பாஸ்மார் சொல்லும் 'கிரவுன் பினியன்'.

பழைய காலத்தில் பினியனின் மையமும் கிரவுனின் மையமும் ஒரே மட்டத்தில் இருந்தன. 1920களில் அமெரிக்காவின் கிளீசன் நிறுவனம் உருவாக்கிய 'ஹைபொயிட்' முறையில் பினியன் சற்றுக் கீழே இறக்கப்பட்டது. பக்கார்ட் கார்களில் முதலில் வந்த இம்முறையே இன்று பின்சக்கர இழுவை வாகனங்களில் பெரும்பாலானவற்றில் உள்ளது. இதனால் சத்தம் குறைந்தது, பல்லின் பலமும் கூடியது. ஆனால் ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. சாதாரண பற்சக்கரங்கள் ஒன்றின்மேல் ஒன்று உருளுகின்றன. ஹைபொயிட் பற்களோ உருளுவதோடு நீளவாக்கில் வழுக்கியும் செல்கின்றன. மிகப் பெரிய அழுத்தத்தில் இரும்போடு இரும்பு உரசும்போது வெறும் எண்ணெய்ப் படலம் தாக்குப்பிடிக்காமல் கிழிந்துவிடும்.

அதற்காகத்தான் டிபரன்ஷல் ஒயிலில் கந்தகம், பொஸ்பரஸ் கலந்த இரசாயனப் பொருட்கள் சேர்க்கப்படுகின்றன. பல்லின் மேற்பரப்பு கொதிக்கும் அந்தக் கணத்தில் அவை உலோகத்தோடு வினைபுரிந்து மெல்லிய காப்புப் படலமொன்றை உண்டாக்கி, பற்கள் ஒட்டிக் கிழிவதைத் தடுக்கின்றன. டிபரன்ஷல் ஒயிலின் கடும் நெடிக்குக் காரணமும் இந்தக் கந்தகம்தான்.

கேனில் உள்ள இரண்டு எழுத்தும் ஓர் இலக்கமும்

ஒயில் கேனில் முதலில் பார்க்க வேண்டியது 'ஏ.பி.ஐ. ஜீ.எல்.' என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் இலக்கம். அமெரிக்க பெற்றோலிய நிறுவகம் வகுத்த தரப்பிரிவு இது. எமக்கு இரண்டு பிரிவுகள் போதும். ஜீ.எல். 5 என்பது ஹைபொயிட் டிபரன்ஷலுக்குரியது. ஜீ.எல். 4 என்பது அதைவிடக் குறைந்த அழுத்தக் காப்புக் கொண்டது. பெரும்பாலும் கைக் கியர்பெட்டிகளுக்குரியது.

ஐந்து நான்கைவிடப் பெரியது, ஆகவே எல்லாவற்றுக்கும் ஐந்தையே ஊற்றினால் நல்லது என்று எண்ணுவோர் எம்மிடையே பலர். இது தவறு. கியர்பெட்டிக்குள் கியர் மாற்ற உதவும் பித்தளை வளையங்கள் இருக்கின்றன. அவை உரசிப் பிடித்தால்தான் கியர் இலகுவாக விழும். ஜீ.எல். 5 ஒயிலின் கூடிய இரசாயனச் சேர்க்கை அந்த உரசலைக் கெடுத்துவிடலாம். சூடான நிலையில் சில வகைகள் பித்தளையையும் அரிக்கும். எனவே தயாரிப்பாளர் சொல்லாத இடத்தில் ஐந்தை ஊற்றக் கூடாது.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. ஜீ.எல். 4 ஒயிலை ஹைபொயிட் டிபரன்ஷலில் ஊற்றினால் பற்களுக்குத் தேவையான காப்பு கிடைக்காது. எனது அயலில் மரக்கறி ஏற்றும் ஒருவரின் லொறிக்கு இதுவே நடந்தது. பெயர் ஒட்டாத பரலிலிருந்து அளந்து கொடுத்த 'கியர் ஒயிலை' கியர்பெட்டிக்கும் டிபரன்ஷலுக்கும் ஒன்றாகவே ஊற்றியிருந்தார்கள். சில மாதங்களில் வலப்பனை இறக்கத்தில் சுமையோடு போகும்போது பின்பக்கம் ஊளையிடத் தொடங்கி, பினியன் பெயாரிங் இறுகிவிட்டது. சாரதி ஊளைச் சத்தத்தைக் கேட்டதுமே வேகத்தைக் குறைத்திருந்ததால் லொறி வீதியோரத்தில் நின்றது. பினியன் முற்றாக இறுகினால் பின் சக்கரங்கள் இரண்டும் பூட்டிக்கொள்ளும். ஒரு முடக்கில் அது நடந்தால் என்னவாகும் என்பதை இந்தப் பாதைகளில் ஓடும் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தடிப்பு பற்றிய தவறான எண்ணம்

அடுத்தது தடிப்பு. 90, 80டபிள்யூ-90, 75டபிள்யூ-90, 85டபிள்யூ-140 என்று கேன்களில் காண்கின்றோம். பின்னால் உள்ள இலக்கம் 100 பாகை செல்சியஸ் சூட்டில் ஒயில் எவ்வளவு தடிப்பாக இருக்கும் என்பதைக் காட்டும். 'டபிள்யூ' எழுத்துக்கு முன்னால் உள்ள இலக்கம் குளிரில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதைக் காட்டும். அந்த இலக்கம் குறையக் குறையக் குளிரில் ஓட்டம் நன்றாக இருக்கும். என்ஜின் ஒயிலின் இலக்கமும் கியர் ஒயிலின் இலக்கமும் வெவ்வேறு அளவுகோல்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். 90 கியர் ஒயில் 50 என்ஜின் ஒயிலைவிட இரு மடங்கு தடித்தது என்று கணக்குப் போடக் கூடாது.

டொயோட்டா போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் பல வேன்களுக்கும் பாரமில்லா லொறிகளுக்கும் குறிப்பிடுவது ஜீ.எல். 5 தரத்தில் 90 தடிப்பு. மறை 18 பாகைக்குக் கீழே குளிரும் நாடுகளுக்குத்தான் 80டபிள்யூ அல்லது 80டபிள்யூ-90 கட்டாயமாகின்றது. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழுந்தாலும் அந்த அளவுக் குளிர் எமக்கு வருவதில்லை. எனவே குளிருக்காக மட்டும் விலை கூடிய 75டபிள்யூ ஒயிலைத் தேடவேண்டிய அவசியம் சாதாரண லொறிக்கு இல்லை.

அதேபோல், மலைப்பாதை கடினமானது, ஆகவே மிகத் தடித்த 140தான் நல்லது என்பதும் பொதுவிதியாகாது. சில பாரலொறிகளுக்கு 140 தேவை என்று தயாரிப்பாளரே சொல்லியிருப்பார். அங்கே அதையே ஊற்றுங்கள். சொல்லாத இடத்தில் ஊற்றினால், ராகலையின் குளிர்காலையில் அந்தத் தடித்த ஒயில் பினியன் பெயாரிங்குகளுக்குப் போய்ச்சேரத் தாமதமாகும். ஒயிலைக் கடையும் வேலைக்கே சக்தி வீணாவதால் டீசலும் கூடுதலாகச் செலவாகும்.

பழைய வாகனம் வாங்குவோருக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் படிப்படியாகத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களே கைமாறிக்கொண்டிருந்தன. தேய்ந்த டிபரன்ஷலின் ஊளைச் சத்தத்தை மறைக்கத் தடித்த ஒயிலை ஊற்றி விற்பது பழைய தந்திரம். வாங்குமுன் அரை மணித்தியாலமாவது ஓட்டி, ஒயில் சூடான பின்னர், வேகத்தைக் கூட்டும்போதும் அக்சிலேட்டரை விடும்போதும் சத்தம் எப்படி மாறுகின்றது என்று கேட்டுப் பாருங்கள்.

ஸ்போர்ட்ஸ் காரின் தனித் தேவை

சாதாரண டிபரன்ஷலில் ஒரு குறை உண்டு. ஒரு சக்கரம் சேற்றிலோ காற்றிலோ தூக்கி நின்றால் சுழற்சி முழுவதும் அந்தச் சக்கரத்துக்கே போய்விடும். மற்றையது அசையாது. பந்தயக் கார் முடக்கில் வேகமாகத் திரும்பும்போது உட்பக்கச் சக்கரம் பிடிமானம் இழப்பதால் இதே நிலை ஏற்படும். இதைத் தடுக்க வந்ததுதான் 'லிமிடெட் ஸ்லிப்' டிபரன்ஷல், சுருக்கமாக எல்.எஸ்.டி.

இதில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. ஒன்றில் கிளச் தகடுகள் அடுக்கடுக்காக உள்ளன. இரு சக்கரங்களும் வேறுபட்ட வேகத்தில் சுழல முயலும்போது தகடுகள் உரசி அதைக் கட்டுப்படுத்தும். மற்றையதில் தகடுகள் இல்லை. சாய்வுப் பற்சக்கரங்களே அந்த வேலையைச் செய்கின்றன. டோர்சன் எனப்படுவது இவ்வகை.

தகட்டு வகைக்கு வெறும் ஜீ.எல். 5 போதாது. தகடுகள் விட்டுவிட்டுப் பிடித்தால் மெதுவாகத் திரும்பும்போது 'கடகட' என்ற அதிர்வு வரும். தகடும் சீக்கிரம் தேயும். அவை மிருதுவாக வழுக்கிப் பிடிப்பதற்கு உராய்வைச் சீராக்கும் ஒரு பொருள் ஒயிலில் இருக்க வேண்டும். கேனில் 'எல்.எஸ்.' அல்லது 'எல்.எஸ்.டி.' என்று குறிப்பிட்ட ஒயிலில் அது ஏற்கனவே கலக்கப்பட்டிருக்கும். அப்படியான ஒயிலுக்கு மேலதிகமாகச் சிறுபோத்தல் மருந்தையும் ஊற்றினால் தகடுகள் அளவுக்கு மீறி வழுக்கி, எல்.எஸ்.டி. இருந்தும் இல்லாதது போலாகிவிடும். பற்சக்கர வகைக்குப் பெரும்பாலும் சாதாரண ஜீ.எல். 5 போதுமானது. இரண்டு வகைக்கும் இறுதித் தீர்ப்பு கைநூலில்தான் இருக்கின்றது.

சென்ற பருவத்தில் ஓர் இளைஞர் வந்து, "நானா, இருக்கிறதிலேயே விலை கூடின ஒயில் தாங்க" என்றார். "விலையைப் பிறகு பார்ப்போம் தம்பி. முதலில் உங்கள் டிபரன்ஷல் எந்த வகை?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. இதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. தட்டையான தரையில் முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின் சக்கரங்கள் இரண்டையும் ஸ்டாண்டில் உயர்த்தி, கியரை நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தி ஒரு சக்கரத்தைக் கையால் சுழற்ற வேண்டும். மற்றையதும் அதே திசையில் சுழன்றால் அது எல்.எஸ்.டி.யாக இருக்கலாம். எதிர்த்திசையில் சுழன்றால் பெரும்பாலும் சாதாரண வகை. ஆனால் பற்சக்கர எல்.எஸ்.டி.யும் அப்படிச் சுழலக்கூடும் என்பதால், இச்சோதனையோடு நின்றுவிடாமல் கைநூலையும் பார்க்க வேண்டும்.

பந்தயத்தில் ஒயில் மிக அதிகமாகச் சூடாவதால் 75டபிள்யூ-90 அல்லது 75டபிள்யூ-140 போன்ற சிந்தெட்டிக் ஒயில்களுக்கு அங்கே நியாயம் உண்டு. அவை சூட்டில் தடிப்பை இழக்காமல் தாக்குப்பிடிக்கும். ஹொண்டா சிவிக் போன்ற முன்சக்கர இழுவைக் கார்களுக்கோ தனி டிபரன்ஷல் ஒயிலே கிடையாது. டிபரன்ஷல் கியர்பெட்டிக்குள்ளேயே இருக்கின்றது. அதற்குக் கியர்பெட்டியின் ஒயில்தான். டொயோட்டா ஹைபிரிட் கார்களிலும் அப்படியே. அங்கே ஓட்டோமெட்டிக் கியர் வகை ஒயில் பயன்படுகின்றது. இவற்றுக்கெல்லாம் 90 கேனை எடுத்து நீட்டினால் வாடிக்கையாளரின் பணத்தோடு விளையாடியதாகிவிடும்.

எமது லொறிக்கு இதிலிருந்து என்ன பாடம்?

மலைப்பாதை லொறியின் டிபரன்ஷலும் பந்தயக் காரினதைப் போலவே ஓய்வில்லாமல் உழைக்கின்றது. ஏற்றத்தில் பல்லின் ஒரு பக்கம் சுமையைத் தாங்கும். இறக்கத்தில் சிறிய கியரில் என்ஜினால் பிடித்துக்கொண்டு இறங்கும்போது பல்லின் மறுபக்கம் தாங்கும். சமதரையில் ஓடும் லொறிக்கு இந்த இரட்டைச் சுமை கிடையாது. ஆகவே பல தயாரிப்பாளர்கள் சாதாரண பாவனைக்கு 40,000 கிலோமீற்றர் அளவில் ஒயில் மாற்றச் சொன்னாலும், கடும் பாவனைக்குச் சொல்லப்படும் பாதித் தூரத்தையே நாம் எடுத்துக்கொள்வது நல்லது.

தண்ணீரையும் மறக்கக் கூடாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தைத் தாக்கியபோது வெள்ளத்துக்குள் நின்ற, வெள்ளத்தைக் கடந்த வாகனங்கள் ஏராளம். சூடான டிபரன்ஷல் திடீரெனத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்றுச் சுருங்கி, காற்றுக்குழாய் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிவிடும். ஒயில் பால்தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தால் தாமதிக்காமல் மாற்றுங்கள். எந்த விலையுயர்ந்த ஒயிலும் தண்ணீர் கலந்தபின் ஒயில் அல்ல.

ஒயில் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை இவை. ஓடி வந்த சூட்டோடு வடியவிட வேண்டும். ஆனால் வடிக்கும் ஆணியைக் கழற்றுமுன், நிரப்பும் ஆணி கழருகின்றதா என்று பார்க்க வேண்டும். அது துருப்பிடித்து இறுகியிருந்தால் வெறும் டிபரன்ஷலோடு தவிக்க நேரிடும். வடிக்கும் ஆணியில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறப் பசைபோல் ஒட்டியிருப்பது சாதாரண தேய்வு. துண்டு துண்டாக இரும்பு இருந்தால் பல் உடைகின்றது என்று பொருள். நிரப்பும்போது வாகனம் தட்டையாக நிற்க வேண்டும். எமது ஊரில் தட்டையான இடம் கிடைப்பதே அரிது. ஆனால் சரிவில் நிறுத்தி நிரப்பினால் அளவு பிழைக்கும். பொதுவாக நிரப்பும் துளையின் கீழ்விளிம்பு வரை ஒயில் நிற்க வேண்டும். காற்றுக்குழாயில் அடைத்திருக்கும் சேற்றையும் அப்போதே துப்புரவாக்குங்கள். புதிய கிரவுன் பினியன் பூட்டியிருந்தால் முதல் ஆயிரம் கிலோமீற்றருக்குள் ஒருமுறை ஒயிலை மாற்றிவிடுவது நல்லது.

கணக்கும் நம்பிக்கையும்

வியாபாரிகள் நாம், கணக்குப் போட்டே பார்ப்போம். பெயர் தெரியாத ஒயிலுக்கும் நம்பகமான ஜீ.எல். 5 ஒயிலுக்கும் லீற்றருக்கு 1,500 ரூபா வித்தியாசம் என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். இரண்டு லீற்றர் பிடிக்கும் டிபரன்ஷலுக்கு மேலதிகச் செலவு 3,000 ரூபா. அது 20,000 கிலோமீற்றர் ஓடினால் கிலோமீற்றருக்கு 15 சதம்தான். அந்த 15 சதத்தை மிச்சப்படுத்தப் போய், ஒரு சுமை மரக்கறி வழியில் வாடினாலே பல வருட மிச்சம் ஒரே நாளில் போய்விடும். கிரவுன் பினியன் சோடியின் விலையும், கராஜ் கூலியும், லொறி நிற்கும் நாட்களின் வாடகை நட்டமும் அதற்கு மேல்.

வாங்குவோர் மூடி முத்திரை உடையாத கேனையே வாங்குங்கள். தரம், தடிப்பு, தொகுதி இலக்கம், இறக்குமதியாளர் பெயர் ஆகியவை தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வாசனை கடுமையாக இருக்கின்றது என்பதை மட்டும் நம்பாதீர்கள். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு முறையிடலாம். பற்றுச்சீட்டில்லாத முறைப்பாடு பலவீனமானது.

விற்போருக்கும் ஒரு வார்த்தை. ஒயில் கேனைத் தட்டிலிருந்து எடுக்குமுன் மூன்று கேள்விகள் கேட்கப் பழகுவோம். எந்த வாகனம்? கியர்பெட்டிக்கா, டிபரன்ஷலுக்கா? எல்.எஸ்.டி. உண்டா? இதற்கு ஒரு நிமிடம்கூடச் செல்லாது. வாடிக்கையாளருக்கு ஒயிலைப் பற்றித் தெரியாது. எம்மைத்தான் தெரியும். எமது வார்த்தையை நம்பி ஊற்றிய ஒயிலோடுதான் அவர் சுமையையும் உதவியாளரையும் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் இறங்குகின்றார். பொருத்தமான ஒயில் எமது கடையில் இல்லையென்றால் "இல்லை, அடுத்த கடையில் பாருங்கள்" என்று சொல்லி அனுப்புவோம். அன்று ஒரு கேன் விற்பனை குறையும். ஆனால் அந்த ஆள் அடுத்த முறையும் எமது கடைக்கே வருவார் என்பதை என் அனுபவத்தில் பல தடவைகள் கண்டிருக்கின்றேன்.